செவி அறியும் கோட்டை: பார்வையற்றோருக்கான மெய்நிகர் ஒலிச்சூழல் – திண்டுக்கல் மலைக்கோட்டையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழி உருவாக்கப்படும் மெய்நிகர் சூழல்கள் பெரும்பாலும் கண்ணை நோக்கியே அமைகின்றன. குரல் விவரணை ஒன்றைச் சேர்த்துவிட்டால் அவை பார்வையற்றோருக்கும் உரியனவாகிவிடும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பயனரின் அசைவுக்கு மறுமொழி தரும் இடஞ்சார் ஒலியே ஓரிடத்தை அறியச் செய்கிறது என்பதையும், விவரணை அதற்குத் துணையாகவே நிற்க இயலும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. செவியின் இயல்பு, இத்துறையில் நிகழ்ந்த ஆய்வுகள், தமிழ்த் திரைபடிப்பான்களின் நிலை, தமிழரின் திசை வழக்கு, தமிழ் இலக்கண மரபில் ஒலி பெறும் இடம் ஆகியவற்றின் துணைகொண்டு, திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஓர் ஒலிச்சூழல் அமைக்க முற்பட்டால் எழக்கூடிய சிக்கல்கள் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் சூழல், இடஞ்சார் ஒலி, எதிரொலி, திரைபடிப்பான், திசைச்சொற்கள், கருப்பொருள், திண்டுக்கல் மலைக்கோட்டை.

முன்னுரை

திண்டுக்கல் நகரின் மேற்குப் பகுதியில் திண்டு போல எழுந்து நிற்கும் பாறையின் மேல் அமைந்துள்ளது மலைக்கோட்டை. முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரால் 1605ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் இக்கோட்டை, பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலேயர் என மாறிமாறிப் பலர் கைக்குச் சென்றது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மலையேற இயலாதவர்களும் வெளியூர் ஆய்வாளர்களும் நிழற்படங்கள், காணொளிகள், 360 பாகைப் படங்கள் ஆகியவற்றின் வழியாக இத்தகைய இடங்களை வீட்டிலிருந்தே காண்கின்றனர். சுட்டியை நகர்த்தினால் காட்சி திரும்புகிறது. அம்புக்குறியைத் தொட்டால் அடுத்த அறைக்குள் நுழைய முடிகிறது. கண்ணுடையவர் ஒருவர் பத்து நிமிடத்தில் ஒரு கோட்டையின் அமைப்பை ஓரளவு மனத்தில் வாங்கிக்கொள்கிறார்.

அதே பக்கத்தைத் திரைபடிப்பான் துணையுடன் திறக்கும் பார்வையற்ற ஆய்வாளருக்குக் கிடைப்பது வேறு. திரைபடிப்பான், திரையில் உள்ள எழுத்துகளையும் பொத்தான்களின் பெயர்களையும் இயங்குதளத்திடமிருந்து கேட்டுப் பெற்றுக் குரலாக்கும் மென்பொருள். முப்பரிமாணக் காட்சி அதற்கு ஒரே ஒரு படம் மட்டுமே. அதற்குள் கதவும் படியும் சுவரும் இருப்பதை அது அறியாது. எனவே ‘படம்’, ‘பொத்தான்’, ‘பொத்தான்’ என்று அறிவித்துவிட்டு நின்றுவிடுகிறது. கோட்டை அங்கே இருக்கிறது, வாயில் இல்லை.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2011இல் பார்வைக் குறைபாடு உடையோரை ஏறத்தாழ 50 லட்சம் எனக் கணக்கிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் கிடைக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் நோக்கு தெளிவானது. ஆனால் ஓர் இடத்தை ‘அணுகத்தக்க வடிவில்’ தருவது எவ்வாறு என்பதைச் சட்டம் சொல்லிவிட முடியாது. நூலை ஒலிநூலாக்கலாம், படத்துக்கு விளக்கம் எழுதலாம். இடம் என்பதோ உடல் நகர்ந்து அறிவது. ‘நீங்கள் இப்போது ஆயுதக் கிடங்கின் முன் நிற்கிறீர்கள், அதன் கூரை வளைவானது’ என்ற வாக்கியம் கேட்பவருக்குச் செய்தியைத் தருகிறது, அவரை அங்கே நிறுத்துவதில்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

செவி இடத்தை அறியும் முறை

ஓர் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மனித மூளை இரு காதுகளின் ஒப்பீட்டால் கணிக்கிறது. வலப்புறத்து ஒலி வலக்காதை முதலில் அடைந்து, தலையைச் சுற்றி இடக்காதைச் சற்றுத் தாமதமாக அடைகிறது. இத்தாமதம் மிகுதியாகப் போனாலும் ஒரு வினாடியை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறின் மூன்றில் இரு பங்கு அளவே. அவ்வளவு சிறிய இடைவெளியையும் மூளை அளந்துவிடுகிறது. அதனோடு, உச்ச ஒலிகளைத் தலை மறைப்பதால் மறுகாதில் ஒலியின் வலிமையும் குறைகிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் காலவேறுபாடும் உயர்ந்த அதிர்வெண்களில் வலிமை வேறுபாடும் முதன்மை பெறுகின்றன என்பதை ராலே பிரபு 1907இல் விளக்கினார். நேர் எதிரே உள்ள ஒலி ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்தாலும் செவி உணர்ந்துகொள்கிறது. பக்கவாட்டில் இந்நுட்பம் குறைகிறது.

இடம், வலம் தெளிவாகிவிட்டன. முன், பின், மேல், கீழ் ஆகியவை எஞ்சி நிற்கின்றன. நேர் முன்னிருந்து வரும் ஒலியும் நேர் பின்னிருந்து வரும் ஒலியும் இரு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே வலிமையில் அடைகின்றன. இங்கே காதுமடல் உதவுகிறது. மடலின் மேடுபள்ளங்கள் ஒலியின் நிறத்தைத் திசைக்கேற்ப மாற்றுகின்றன; அம்மாற்றத்தை ஒவ்வொருவரும் குழந்தைப் பருவம் முதல் தம் காதுக்கு ஏற்பக் கற்றிருக்கின்றனர். இந்த மாற்றங்களைக் கணக்கிட்டு ஒலியில் ஏற்றினால், சாதாரணக் காதொலிப்பானிலேயே ஒலி தலைக்கு வெளியே, குறிப்பிட்ட திசையில் இருப்பதுபோலக் கேட்கும். மெய்நிகர் ஒலிச்சூழலின் தொழில்நுட்ப அடிப்படை இதுதான்.

இம்முறையின் குறையும் இதிலேயே உள்ளது. மென்பொருளில் உள்ள அளவுகள் வேறொருவரின் காதிலோ பொம்மைத் தலையிலோ எடுக்கப்பட்டவை. பிறர் காதைக் கடன் வாங்கிக் கேட்கும்போது முன்னும் பின்னும் குழம்புகின்றன. மேலும் கீழும் மங்குகின்றன. இக்குழப்பத்துக்கு இயற்கை வைத்திருக்கும் மருந்து தலையைத் திருப்புவது. முன்னால் உள்ள ஒலி, தலையை வலப்புறம் திருப்பினால் இடக்காதை நோக்கி நகரும்; பின்னால் உள்ள ஒலி வலக்காதை நோக்கி நகரும். தலையசைவின் இப்பங்கை ஹான்ஸ் வாலக் 1940இல் சோதனைகளால் நிறுவினார். ஆகவே, பயனர் திரும்பும்போது ஒலிச்சூழலும் அதற்கேற்பத் திரும்பாவிட்டால் அது இடமாக அமையாது. நன்றாகப் பதிவுசெய்யப்பட்ட பாட்டுக்கும் அதற்கும் வேறுபாடு இராது.

திறன்பேசிகளில் உள்ள சுழற்சி உணரிகள் இதற்குப் போதுமானவை. ஆனால் திருப்பத்துக்கும் ஒலிமாற்றத்துக்கும் இடையே தாமதம் நேர்ந்தால் சூழல் வழுக்குவதுபோலத் தோன்றும். கம்பியில்லாக் காதொலிப்பான்கள் பலவும் பத்தில் ஒரு வினாடிக்கும் மேல் தாமதிக்கின்றன. நூறு ரூபாய்க் கம்பிக் காதொலிப்பான் இப்பணிக்கு அவற்றைவிட ஏற்றது என்பது, செலவையே தடையாகக் கருதும் கல்லூரிகள் கவனிக்கத்தக்க செய்தி.

எதிரொலி எனும் தொடுகை

பார்வையற்றோர் சிலர் சுவரை நெருங்கும்போதே அதை உணர்ந்து நிற்பதைப் பலரும் கண்டிருக்கின்றனர். ‘முகத்தில் ஏதோ அழுத்துவதுபோல் இருந்தது’ என்றே அவர்களுள் பலர் சொல்லிவந்தனர். இதனை முகப்பார்வை என்று அழைத்த காலமும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சூப்பா, மில்டன் காட்சின், கார்ல் டாலன்பாக் ஆகியோர் நடத்தி 1944இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. முகத்தைத் துணியால் மூடியபோதும் இத்திறன் நிலைத்தது. காதை அடைத்தபோது மறைந்தது. சூப்பா பார்வையற்றவர் என்பதும் அவரே சோதனைக்கு உட்பட்டவர்களுள் ஒருவர் என்பதும் குறிப்பிடத்தக்கவை. முகத்தில் உணர்ந்ததாக எண்ணியது, உண்மையில் காலடி ஓசையின் எதிரொலி.

வெயில் நாளில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. இரண்டு மீட்டர் தொலைவில் உள்ள சுவரிலிருந்து கைதட்டலின் எதிரொலி திரும்ப ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகிறது. இதனைத் தனி ஒலியாகக் கேட்க இயலாது. மூல ஒலியோடு கலந்து அதன் தன்மையைச் சற்றே மாற்றுகிறது. பத்து மீட்டர் அப்பால் உள்ள சுவரெனில் 57 மில்லிவினாடி. இப்போது எதிரொலி பிரிந்து நிற்கத் தொடங்குகிறது. குறுகிய வாயிலுக்குள் பேசும் குரலும் வெட்டவெளியில் பேசும் குரலும் வேறுபட்டுக் கேட்பதற்கு இதுவே காரணம். நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்டு நடக்கும் டேனியல் கிஷ் போன்றோர் இத்திறனைப் பயிற்சியால் கூர்மையாக்கியவர்கள். இவ்வாறு நடக்க வல்ல பார்வையற்றோர் எதிரொலியைக் கேட்கும்போது, மூளையில் பார்வைக்கு உரியதாகக் கருதப்படும் பகுதி இயங்குவதை லோர் தாலர், ஸ்டீபன் ஆர்னாட், மெல்வின் குடேல் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. எதிரொலி தானாகக் கிடைப்பதன்று; கேட்டுப் பெறுவது. காலடி வைத்தாலோ, கோலைத் தட்டினாலோ, குரல் கொடுத்தாலோ சுவர் விடை சொல்கிறது. மெய்நிகர் சூழலில் பார்வையற்ற பயனருக்குத் தரப்படவேண்டிய முதல் கருவி இவ்வாறு வினவும் உரிமையே. பல செயலிகள் இதற்கு மாறாக, அவர் கேளாமலே பேசிக்கொண்டிருக்கின்றன.

ஆய்வுக்களங்களில் கண்டவை

கேட்பதற்கென்றே அமைந்த சூழல்கள் புதியன அல்ல. ஜப்பானில் கென்ஜி ஏனோ 1997இல் காட்சி ஏதுமற்ற விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். ஆனால் அது கதை கேட்டு இடையிடையே தெரிவு செய்யும் வகையினது. இடத்துக்குள் நடக்கும் முயற்சி சிலி நாட்டில் தொடங்கியது எனலாம். சிலிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹைமே சான்செஸ், மவுரிசியோ லும்பிரெராஸ் இருவரும் 1990களின் இறுதியில், பார்வையற்ற குழந்தைகளுக்காக ‘ஆடியோடூம்’ என்னும் ஒலி விளையாட்டை வடிவமைத்தனர். வழிநடைகளும் கதவுகளும் கொண்ட ஒரு சிக்குவழிக்குள் குழந்தைகள் ஒலியை மட்டும் கொண்டு நடந்தனர். பின்னர் அவர்களிடம் லெகோ கட்டைகள் கொடுக்கப்பட்டன. தாங்கள் நடந்த இடத்தின் அமைப்பைக் குழந்தைகள் கட்டிக் காட்டினர். ஒருபோதும் இருந்திராத ஓரிடத்தின் வரைபடம், ஒலிவழியே அவர்கள் மனத்தில் உருவாகியிருந்தது.

சான்செஸ் பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சார்ந்த லோட்ஃபி மெராபெட் குழுவினருடன் இணைந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூட்டன் நகரில் உள்ள கேரல் பார்வையற்றோர் மையத்தின் ஈரடுக்குக் கட்டடம் ஒன்று ஒலிச்சூழலாக உருவாக்கப்பட்டது. விசைப்பலகையால் நடக்கலாம். ஒவ்வோர் அடிக்கும் காலடி ஓசை கேட்கும். இடப்புறம் கதவிருந்தால் இடக்காதில் தட்டும் ஒலி எழும். பங்கேற்றோர் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினருக்குப் பயிற்றுநர் வழிகளை முறையாகக் கற்பித்தார். மற்றப் பிரிவினருக்குக் கட்டடத்தைப் பற்றி எதுவும் கற்பிக்கப்படவில்லை. கட்டடத்துள் மறைந்துள்ள நகைகளை எடுத்து, துரத்தும் பூதங்களிடம் சிக்காமல் வெளியேற வேண்டும் என்ற விளையாட்டு மட்டும் தரப்பட்டது. பின்னர் இரு பிரிவினரும் உண்மையான கட்டடத்துள் அழைத்துச் செல்லப்பட்டனர். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வழி கண்டு செல்வதில் இரு பிரிவினரும் தேறினர். ஆனால் கட்டடத்தை விட்டு வெளியேறும் மிகக் குறுகிய வழியைத் தேர்வதில் விளையாடியவர்களே முந்தினர். 2012இல் வெளியான இவ்வாய்வு இத்துறையின் திருப்பம் எனத்தகும். கற்பிக்கப்பட்ட வழி ஒரு கோடாக நிற்கிறது; தேடி அலைந்த இடம் பரப்பாக விரிகிறது. கோட்டில் ஓரிடம் அடைபட்டால் மாற்று இல்லை, பரப்பில் உண்டு.

குரல் விவரணையை இவ்வெளிச்சத்தில் மதிப்பிட வேண்டும். விவரணை எழுதுவோர் தமக்கு முக்கியமெனப் பட்டதைத் தமக்கு உகந்த வரிசையில் சொல்கின்றனர். அது பயிற்றுநர் காட்டிய கோடு. விவரணை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. ‘இது கிடங்கு, இது கோயில்’ எனப் பெயரறிவிக்க அதுவே வேண்டும். 2003இல் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ மெய்நிகர் உலகத்தைத் திரைபடிப்பானுக்கு ஏற்ப மாற்ற, நெவாடா பல்கலைக்கழகத்தில் ஈல்கி ஃபோல்மர் குழுவினர் முயன்றபோது எதிர்கொண்ட தடை பெயரின்மை. அவ்வுலகில் பொருள்களைப் படைத்த பயனர்கள் பலர் அவற்றுக்குப் பெயரிடவே இல்லை. மென்பொருள் தானாக இட்ட ‘பொருள்’ என்ற பெயரே மரத்துக்கும் நாற்காலிக்கும் நின்றது. கண்ணுடையவர்க்குப் பெயர் தேவைப்படவில்லை என்பதால் எவருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

தமிழ்க் குரலும் அதன் தடைகளும்

ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய ‘என்விடிஏ’ திரைபடிப்பான் இலவசமாகக் கிடைப்பதால் தமிழகக் கல்லூரிகளில் பரவியுள்ளது. ‘ஈஸ்பீக்’ என்னும் பேச்சுத் தொகுப்பி அதில் தமிழையும் படிக்கிறது. அதன் குரல் இயந்திரத் தன்மையுடையது. ஆயினும் பழகியவர்கள் அதை மிக விரைவாக ஓடவிட்டுக் கேட்கின்றனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முன்னின்று நடத்திய இந்திய மொழிப் பேச்சுத் தொகுப்புத் திட்டத்தில், எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் பங்களிப்புடன், இயல்புக்கு நெருங்கிய தமிழ்க் குரல்கள் உருவாயின. ஆக, தமிழில் குரல் இல்லை என்று இன்று கூற முடியாது.

தடை உரையில் உள்ளது. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சான தமிழைத் திரைபடிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே படிக்கும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பின்னரும் அத்தகைய கோப்புகள் பல்கலைக்கழகங்களில் குறையவில்லை. வருடிப் படமாக்கிய நூல்களின் நிலையும் இதுவே. கோட்டை வரலாற்றைச் சொல்லும் நூல்கள் இவ்வாறு கிடக்கையில், கோட்டையின் ஒலிச்சூழல் பற்றிப் பேசுவது அகலக்கால் வைப்பதாகச் சிலர்க்குத் தோன்றலாம். இரண்டும் வெவ்வேறு பணிகள். முன்னது கோப்புகளைத் திருத்தும் பணி. ஊக்கம் இருந்தால் ஒவ்வொரு துறையும் நாளையே தொடங்கலாம்.

ஒலிச்சூழலில் குரலைப் பயன்படுத்துவதில் வேறொரு நெருக்கடி எழுகிறது. பேச்சு, கவனத்தை முழுவதும் தன்பால் இழுக்கும் ஒலி. ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரொலியின் நுண்மையைச் செவி விட்டுவிடுகிறது. எனவே குரல் சுருக்கமாக, பயனர் கேட்டபோது மட்டும், பெயர் இடப்பட்ட பொருளின் திசையிலிருந்தே வரவேண்டும். ‘உங்கள் வலப்புறம் வாயில் உள்ளது’ என்று தலைக்கு நடுவே ஒலிப்பதைவிட, ‘வாயில்’ என்ற ஒற்றைச் சொல் வலப்புறத்திலிருந்து ஒலிப்பது விரைவும் தெளிவும் உடையது. தமிழில் பெயர்ச்சொல் தனித்து நின்றே ஓர் அறிவிப்பாகப் பொருள்தரும் என்பது இங்கே நமக்கு வாய்த்த எளிமை.

இடமும் வலமும், கிழக்கும் மேற்கும்

மேலைநாட்டு வழிகாட்டிச் செயலிகள் இடம், வலம் என்றோ கடிகார முள்ளின் நிலை கொண்டோ திசை சொல்கின்றன. இரண்டும் கேட்பவரின் உடலை மையமாகக் கொண்டவை. திண்டுக்கல் சமவெளியின் ஊர்ப்புறங்களில் வழி கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் இவ்வாறு இராது. ‘மேற்கால போயி வடக்க திரும்புங்க’ என்பதே இயல்பான வழக்கு. எரிக் பெடர்சன் 1990களில் தமிழரிடையே செய்த ஆய்வுகள் இதனை மொழியியல் சிக்கலாக முன்வைத்தன. மேசைமேல் உள்ள சிறு பொருள்களின் இருப்பையும் ஊர்ப்புறத்தார் திசைப்பெயர்களால் சொல்ல, நகர்ப்புறத்தார் இடம், வலம் என்ற சொற்களால் சொன்னதை அவர் பதிவு செய்தார். ஒரே மொழிக்குள் இரு இடக்கணிப்பு முறைகள் வழங்குகின்றன என்பது இதன் பயன்.

மெய்நிகர் சூழலை வடிவமைப்போருக்கு இது வெறும் சொல்தெரிவு அன்று. உடல்சார் முறையில், பயனர் திரும்பும்தோறும் எல்லாப் பொருள்களின் முகவரியும் மாறுகிறது. திசைசார் முறையில் வாயில் எப்போதும் கிழக்கிலேயே இருக்கிறது. மனத்தில் பரப்பை அமைத்துக்கொள்ள இரண்டாவது முறை துணைசெய்யும் எனக் கருத இடமுண்டு. ஆனால் அதற்குத் தாம் எத்திசை நோக்கி நிற்கிறோம் என்பதைப் பயனர் அறிந்திருக்க வேண்டும். வெளியுலகில் பார்வையற்றோர் இதனை முகத்தில் படும் காலை வெயிலாலும், ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றாலும் அறிகின்றனர். காதொலிப்பானில் வெயில் இல்லை; காற்றை வைக்கலாம். மாறாமல் மேற்கிலிருந்து மெல்ல வீசும் காற்றின் ஒலி, திசைமானிக்கு ஈடாகும். மேல், கீழ் என்ற சொற்களோடு மேற்கும் கிழக்கும் கொண்டுள்ள உறவு, பழனி மலைத்தொடரை மேற்கே கொண்ட இச்சமவெளியில் நிலத்தோடும் பொருந்துகிறது. இடம்–வலம், திசை என இரண்டனுள் ஒன்றைப் பயனரே தெரிவு செய்யும் வசதி தமிழ்ச் சூழலுக்கு இன்றியமையாதது. அயல்நாட்டுச் செயலியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குவதால் இது கிடைக்காது.

கருப்பொருளாகிய ஒலி

கனடாவின் ஆர். மர்ரி ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் ஊருக்கும் அதற்கே உரிய ஒலியடையாளங்கள் உண்டு என்றும் அவை ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்றும் வாதிட்டார். தமிழ் ஆய்வாளருக்கு இக்கருத்து அயலானதாகத் தோன்றாது. தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுக்கும்போது உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் ஒருங்கே வைக்கிறார். நிலத்தை அடையாளம் காட்டும் பொருள்களுள் ஒலியும் ஒன்று என்பது அவ்வகைப்பாட்டின் உட்கிடை. பத்துப்பாட்டுள் மலைபடுகடாம் இதற்கு விரிவான சான்று. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்டு பெயர்பெற்ற அப்பாட்டு, கூத்தரை நன்னனிடம் வழிப்படுத்தும்போது மலையில் கேட்கும் ஒலிகளை அடுக்கிச் செல்கிறது. ஒலி எழும் இடங்களை மரமும் பாறையும் மறைக்கின்றன. வழிநடப்போர் கேட்டே அறிகின்றனர். ஆற்றுப்படை இலக்கியத்தைப் பார்வையற்றோருக்கான வழிகாட்டி என்று சொல்வது மிகை. எனினும் காட்சிக்குச் சமமாக ஒலியையும் இடத்தின் சான்றாகக் கொண்ட மரபு நம்மிடம் இருந்தது என்பதற்கு அது போதும்.

திண்டுக்கல்லுக்கு இத்தகைய கருவொலிகள் உள்ளன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுத் தொழிலின் அரமும் சுத்தியலும், சின்னாளப்பட்டித் தறிகள், பேகம்பூர்ப் பள்ளிவாசலின் பாங்கு, சந்திப்பில் பிரியும் தொடர்வண்டிகள், தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு நடந்து செல்வோரின் முழக்கம் ஆகியவை அவற்றுட் சில. இவற்றைச் சூழலில் பயன்படுத்தும் முறையும் எண்ணத்தக்கது. கணினி இடைமுகங்களில் ஒன்றைக் குறிக்க ‘பீப்’ போன்ற செயற்கை ஒலிகளையும் பயன்படுத்துகின்றனர். பொருளின் இயல்பொலியையும் பயன்படுத்துகின்றனர். செயற்கை ஒலியின் பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும். பூட்டின் ‘க்ளிக்’ ஒலியைக் கற்க வேண்டியதில்லை. மூடிய கதவைக் குறிக்க மாங்காய்ப் பூட்டு நிலையில் இடிபடும் ஒலியைவிடப் பொருத்தமானது திண்டுக்கல்லில் வேறென்ன இருக்க முடியும்?

மலைக்கோட்டைக்கு ஓர் ஒலிச்சூழல்

இப்பின்னணியில், மலைக்கோட்டைக்கு ஒலிச்சூழல் ஒன்றை அமைப்பதாகக் கொண்டால் பணிகள் மூவகைப்படும்.

முதலாவது, கோட்டைப் பகுதிகளின் எதிரொலித் தன்மையை அளத்தல். தொல்லியல் துறையின் இசைவு பெற்று, ஒவ்வோர் அறையிலும் பலூன் ஒன்றை உடைத்து, அவ்வொலி தேய்ந்து மறைவதைப் பதிவு செய்தாலே போதும். அப்பதிவிலிருந்து கணக்கிட்டு, பயனரின் காலடியையும் கோல்தட்டலையும் அந்த அறையில் எழுந்தவையாகவே ஒலிக்கச் செய்யலாம். வளைகூரைக் கிடங்கின் நீண்ட முழக்கமும், கூரையற்ற முற்றத்தின் வறட்சியும் இவ்வாறே வேறுபடும். செலவு குறைந்த, ஆனால் பலன் மிகுந்த பணி இது.

இரண்டாவது, தரையின் ஒலிகள். வெறும் பாறை, மணல் படிந்த படி, செங்கல் தளம், காய்ந்த புல் ஆகியவற்றின் மேல் நடக்கும் ஓசையும் கோல் தட்டும் ஓசையும் தனித்தனியே பதிவாக வேண்டும். பயனர் எங்கு நிற்கிறார் என்பதை ஒரு சொல்லும் இன்றித் தரையே அறிவிக்கும். ஏற்றத்தை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு எழக்கூடும். மெய்நிகர் உலகில் ஒரு விசையழுத்தத்தில் உச்சியை அடையச் செய்யலாம். பல வடிவமைப்பாளர்கள் அதையே விரும்புவர். ஆனால் அரணின் வலிமை அதன் ஏற்றத்தில் உள்ளது. ஒருமுறையேனும் படிப்படியாக ஏறாதவருக்கு, பகைவர் ஏன் இதனை எளிதில் கைக்கொள்ள இயலவில்லை என்பது விளங்காது.

மூன்றாவது, சுற்றுப்புற ஒலிகள். நான்கு ஒலிவாங்கிகளை ஒரு முனையில் குவித்து எல்லாத் திசை ஒலிகளையும் பதிவு செய்யும் கருவிகள் உள்ளன. விடியற்காலையில் உச்சியில் அவ்வாறு பதிந்தால் நகரம் முழுவதும் கிழக்கே விரிந்து கேட்கும். ஆனால் பதிவானதை அப்படியே இட்டால் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். கண் ஒரு காட்சியில் வேண்டாததை விலக்கிவிடும். காதுக்கு இமை இல்லை. எதை ஒலிக்கவிடுவது, எதை அடக்குவது என்ற முடிவு எடுக்கப்பட வேண்டும். அம்முடிவைக் கண்ணுடைய பொறியாளர்களிடம் விடுவது பிழையாகும். 1890 முதல் இயங்கிவரும் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி தொடங்கி, தமிழகத்தின் தென்பகுதியில் இதற்கெனப் பல நிறுவனங்கள் உள்ளன. கோலுடன் தெருவில் நடந்து, எந்த ஒலியை நம்பலாம், எது ஏமாற்றும் என்று நாள்தோறும் தேர்ந்தெடுப்பவர்கள் அங்கே இருக்கின்றனர். சூழல் உருவான பின் கருத்துக் கேட்பதற்கு அவர்களை அழைப்பதே இதுவரையான வழக்கம். ஒலிகளைத் தெரிவுசெய்யும் முதல் நாளிலேயே அவர்கள் வேண்டும்.

விளிம்பு

இவற்றுள் எதிலும் அடங்காத சிக்கல் ஒன்று உள்ளது. மலைக்கோட்டையின் உச்சியில் மதில் சிதைந்த இடங்களுக்கு அப்பால் பாறை சரிந்து இறங்குகிறது. அவ்விளிம்பை ஒலியால் எவ்வாறு உணர்த்துவது? சுவர் எதிரொலிக்கும்; தரை தட்டினால் ஒலிக்கும்; பள்ளம் எதுவும் செய்யாது. எச்சரிக்கை மணியொன்றை ஒலிக்கவிடுவது எளிது. ஆனால் பயனர் அறிவது மணியை மட்டுமே, பள்ளத்தை அன்று. கோட்டைக்குக் காவலாய் அமைந்ததே அந்தச் சரிவு என்பது அவருக்கு எட்டாது.

இயற்கையில் விளிம்பை நெருங்குவோர் மூன்று மாற்றங்களைக் கேட்கின்றனர். பின்னிருந்த மதிலின் எதிரொலி மெலிகிறது. காற்று தடையின்றி முகத்தில் மோதிக் காதில் இரைகிறது. இதுவரை தொலைவில் மங்கலாகக் கேட்ட நகரம் காலுக்குக் கீழிருந்து எழுகிறது. முதலிரண்டையும் உருவாக்கலாம். மூன்றாவதில் தொழில்நுட்பம் தடுமாறுகிறது. மேலே கண்டவாறு, பிறர் காதின் அளவுகளில் கீழ்த்திசை மிக மங்கலாகவே தோன்றும்.

எஞ்சுவது கோல். பயனர் முன்னே தட்டும்போது தரை இல்லையெனில் ஒலி எழாது. மலை முழுவதும் விடை சொன்ன கோலுக்கு விடை கிடைக்காத ஒரே இடம் அதுவாக இருக்கும். வெளியுலகில் அந்த மௌனமே போதுமான செய்தி; கையும் அதை உணர்கிறது. ஆனால் திறன்பேசியில் மௌனத்துக்கு வேறு பொருளும் உண்டு. செயலி உறைந்துபோயிருக்கலாம், காதொலிப்பானின் கம்பி கழன்றிருக்கலாம். பள்ளத்தின் மௌனத்தையும் பழுதின் மௌனத்தையும் வேறுபடுத்த, கோல் காற்றில் வீசப்படும் மெல்லிய ஓசையை மட்டும் ஒலித்து, மோதலொலியை விட்டுவிடுவது ஒரு வழி. காற்றொலி நின்றுவிடாமல் தொடர்வது செயலி இயங்குகிறது என்பதற்கு உறுதி தரும். இது போதுமா, அல்லது வீசும் ஓசையைக் கேட்டும் கால் முன்னே வைக்கப்படுமா என்பதை, மலையை ஒருமுறை உடலால் ஏறிய பார்வையற்றோரும் ஒருபோதும் ஏறாத பார்வையற்றோரும் தனித்தனியே நடந்து பார்த்தே சொல்ல வேண்டும்.